எட்டுக் கோடிப் பேரின் பல்வலி

அரசாங்கத்தின் கணினி இயக்ககத்தில் பதினோரு வருடங்களாக ஒப்பந்த ஊழியராக இருந்தவள் மதிவதனி. புதிதாக எழுதப்படும் நிரல்களைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. உடைகிறது என்று அவள் சொன்னால் எல்லோரும் அவளைத்தான் முறைப்பார்கள். ஆகவே, போகப் போக, அவளும் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள்.

‘நாட்டம்’ திட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி உயிர் போனது. டாக்டர் மாலை ஆறு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். இயக்குநர் ஆதிமூலமோ நாலு மணிக்குள் கடைசிச் சோதனை முடிந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலை அமைச்சர் வந்து பொத்தானை அழுத்தப் போகிறார்.

சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குடிமகளைப் போல உள்ளே நுழைந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்கள் சேமிக்கப்பட்டுவிட்டால், அப்புறம் ஹோட்டல், பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எங்கே போனாலும் வாசலில் இருக்கும் கேமரா முகத்தைப் பார்த்து, ‘இவருக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது’ என்று சொல்லிவிடும். இனி எந்தக் குடிமகனும் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

வலது கன்னத்தில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு, இடது கையால் மதிவதனி தட்டிக்கொண்டே போனாள்.

உணவு எப்படி இருக்க வேண்டும்? குழைய. சூடு? வெதுவெதுப்பு. தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம்? இடது. வெளிச்சம்? மங்கல். சத்தம்? மிகக் குறைவு. கடைக்காரர் உங்களிடம் பேசலாமா? வேண்டாம். சிரிக்கலாமா? வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால் பார்வையாளர்களை அனுமதிக்கலாமா? ஐயோ, யாரும் வேண்டாம். முந்நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி, அரசின் செயல்பாடு உங்களுக்குத் திருப்தியா என்பது. முதலில் இருந்தது ‘மிகவும் திருப்தி’. அதைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் பல்லுக்கு வேர் சிகிச்சை ஆனது. வலி நின்றது. அந்தப் பதில்களை அவள் அத்தோடு மறந்தும் போனாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கணவன் பரணியோடு கேளம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனாள். பரணி பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியன். பேசுவதையே விசில் ஊதுவதுபோலப் பேசுகிறவன்.

“ஒரு நெய் ரோஸ்ட், நல்லா முறுகலா!”

பரிமாறுகிறவர் அவன் முகத்தைப் பார்க்காமல் மெல்லிய குரலில் சொன்னார்: “சார், உங்க விருப்பத்துல ‘குழைய மட்டும்’னு இருக்கு. பொங்கல் தரட்டுமா?”

“நான் எப்பங்க அப்படிப் போட்டேன்?”

“எல்லாரும் இதையேதான் சார் கேக்கறாங்க. பதிவுக்கு மாறா ஒரு ரோஸ்ட் கொடுத்தா கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க. சத்தம் போடாதீங்க சார், அதுவும் உங்களுக்குப் பிடிக்காதுன்னு வருது.”

அவன் முன்னால் குழைந்த பொங்கல் வந்தது. தண்ணீர் டம்ளர் இடது பக்கம் வைக்கப்பட்டது.

மதிவதனி மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள். மங்கலான விளக்குகள். இருபது மேஜைகள். இருபதிலும் குழைந்த பொங்கல், வெதுவெதுப்பான சாம்பார், டம்ளர் இடது பக்கம். யாரும் பேசவில்லை. சாவு வீட்டில் காரியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள்கூட இதைவிட உற்சாகமாகச் சாப்பிடுவார்கள். ஒரு பெரியவர் மட்டும் தன் மனைவியிடம் தாழ்ந்த குரலில், “எனக்கு இதுதான் பிடிக்கும்னு எனக்கே தெரியல பாரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதிவதனியின் வலது கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

*

மறுநாள் காலை இயக்குநரின் அறையில் அவள் இரண்டு டிபன் பாக்ஸை எடுத்து வைத்தாள். பக்கத்தில் அவருடைய பெரிய தண்ணீர் ஜக்கை நகர்த்தி வைத்தாள். அவருக்கு எதையும் கண்ணில் காட்டித்தான் விளக்க வேண்டும்.

“சார், ஒருத்தர் உள்ள நுழைஞ்சதும் அவருக்குன்னு தனியா ஒரு டிபன் பாக்ஸ் திறக்கணும். அவரோட விருப்பமெல்லாம் அதுல இருக்கணும். அவர் வெளிய போனதும் பாக்ஸைக் கழுவிக் கவுத்திடணும். இதுக்குப் பேரு செஷன்.”

“சரி.”

“நம்ம ஆளுங்க பாக்ஸுக்குப் பதிலா இந்த ஜக்குல ஊத்தற மாதிரி எழுதிட்டாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரே ஜக்கு. தொடக்க விழாவுக்காகப் பதிவைப் பூட்டினப்போ, கடைசியா ஜக்குல இருந்தது நான் ஊத்தினது. அன்னிக்கு எனக்குப் பல்வலி சார்.”

ஆதிமூலம் ஜக்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “அப்படின்னா எட்டுக் கோடிப் பேரும்...”

“என் பல்வலியத்தான் சார் சாப்பிட்டுட்டு இருக்காங்க.”

அவர் முகம் வெளுத்தது. பத்து விநாடிதான். பிறகு அவர் சுவரில் இருந்த பெரிய திரையைத் திரும்பிப் பார்த்தார். ‘குடிமக்கள் விருப்பம் நிறைவேற்றம்: 100 சதவீதம்’ என்று பச்சையில் மின்னியது. பதிவில் இருப்பதும் பரிமாறப்படுவதும் ஒன்றாக இருந்தால் ஒரு மதிப்பெண். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. அதற்குக் கீழே, ‘அரசின் மேல் மிகவும் திருப்தி: 100 சதவீதம்.’

“உலகத்துல எந்த அரசாங்கத்துக்காவது இந்த நம்பர் வந்திருக்கா மேடம்?”

அவர் அவளை மேடம் என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

“சார், இது தப்பான நம்பர்.”

“நம்பர் சரிதான். கேள்விக்குப் பதில் சொன்ன ஆளுங்கதான் கொஞ்சம் குறைஞ்சிட்டாங்க.” கொஞ்சம் யோசித்து, “ஏழு கோடியே தொண்ணூத்தொம்பது லட்சத்துச் சொச்சம் பேர் குறைஞ்சிட்டாங்க. அதை விடுங்க. இந்த ஜக்கு எப்பக் காலியாகும்?”

“இருபத்துநாலு மணி நேரம் நான் தொடலைன்னா தானா காலியாயிடும். திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஞாயித்துக்கிழமைகூட நான் அதுக்குள்ள இருந்துதான் வேலை பார்த்தேன். அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கு.”

“நிரந்தரமா இருக்கற மாதிரி மாத்திட்டா?”

“மாத்தணும்னா சர்வரை நிறுத்தணும். நிறுத்தினா எல்லாமே போயிடும்.”

ஆதிமூலம் எழுந்து வந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அரசாணை வந்தது. ‘தொடர்ச்சி அலுவலர்’ என்று ஒரு புதிய பதவி. நிரந்தரப் பணி. குடியிருப்பு, கார், டிரைவர். வேலை என்னவென்றால், தினமும் காலையில் கண்ணாடி அறைக்குள் போய், திரையில் ‘தொடரலாமா?’ என்று வரும்போது கட்டைவிரலை வைக்க வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது.

மதிவதனி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருந்தவள். குழைந்த சோறு சாப்பிட்டு யாரும் செத்துவிடப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

*

மாதங்கள் ஓடின. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். முதலில் புகார் எழுதினார்கள். ‘இது தாங்கள் அளித்த விருப்பமே’ என்று பதில் போனது. இரண்டாம் முறை அதே பதில் வந்ததும், ஒருவேளை நாம்தான் ஞாபகமில்லாமல் போட்டுவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்தது. மூன்றாம் முறை யாரும் எழுதவில்லை. தன் மனசு தனக்கே தெரியவில்லை என்று எத்தனை தடவை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது?

கல்யாணப் பந்திகளில் அப்பளம் நின்றது. பட்டாசுக் கடைகளில் மத்தாப்பு மட்டும் விற்றது. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் வந்து, தமிழ்ச் சமூகம் தன் ஆதி மென்மைக்குத் திரும்பிவிட்டது என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த இன்னொரு பேராசிரியர் அதைக் கடுமையாக மறுத்து, ஆதியிலிருந்தே நாம் டம்ளரை இடது பக்கம்தான் வைத்திருந்தோம் என்றார். இரண்டு பேரும் மிக மெல்லிய குரலில் சண்டை போட்டார்கள். பல் குணமாகிப்போன மதிவதனி, முறுக்கு கிடைக்காதா என்ற ஏக்கத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தின் பின்பக்கம் டீக்கடை வைத்திருந்த செல்லக்கனி இரண்டு வாரமாகக் கடை திறக்கவில்லை. ஐம்பத்தைந்து வயது, சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர். கேமரா என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாமல் ஆட்களிடம் பேசிவிடுகிற ஒரே கடைக்காரி அவள்தான். அதற்காக மூன்று தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். பதினாறாம் நாள் அவள் கடையைத் திறந்தபோது மதிவதனி போய் நின்றாள். செல்லக்கனி ஒன்றும் பேசாமல் டீயை நீட்டினாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“எனக்கென்ன கேடு? அவுகதான் சாரத்துலேருந்து விழுந்துட்டாக.”

கணவர் பொன்னுலிங்கம் பெயின்ட் அடிக்கிறவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. புறநகரில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

“ஐயோ! இப்ப எப்படி இருக்கார்?”

“யாருக்குத் தெரியும்?” செல்லக்கனி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். “வாசல்லயே நிப்பாட்டிட்டான். ‘நோயாளி விருப்பம், பார்வையாளர் வேண்டாம்’னு மிசின் சொல்லுது. தப்பா இருக்கும், இன்னொருக்க கேளுய்யானு அளுதேன். இன்னொருக்கவும் அதையேதான் சொல்லுது. போன் போட்டா, ‘பேச விருப்பமில்லை’ங்குது. ரெண்டு வாரம் அந்த வாசல்லயே கெடந்தேன். பதினாறு நாள் ஆச்சு இன்னியோட.”

மதிவதனியின் கையில் இருந்த வெதுவெதுப்பான டீ ஆறிப்போனது.

“முப்பத்திரெண்டு வருசம் ஒரே பாயில படுத்து எந்திரிச்சிருக்கேன், தாயி. அந்த மனுசன் மனசுல இதுதான் இருந்திருக்கு. நான் வாயாடிதான். அதுக்காவ இப்படியா எளுதி வைப்பாக?” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இனி போவ மாட்டேன். பிடிக்கலேன்னு சொன்னப்பொறவு போயி நிக்கறதுக்கு நான் என்ன வெக்கங்கெட்டவளா?”

மதிவதனி நேராக ஆதிமூலத்தின் அறைக்குப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு மனு எழுதித் தரச் சொல்லுங்க.”

“இந்த மாதிரி எத்தனை ஆயிரம் பேர் எத்தனை வாசல்ல நிக்கறாங்களோ சார். நாளைக்கு நான் விரல் வைக்காம இருந்தா...”

“ரெண்டு மாசத்துல தேர்தல்.” அவர் திரையைக் காட்டினார். நூறு சதவீதம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. “அதுவரைக்கும் தொடரட்டும். அதுக்கப்புறம் நீங்க சொல்ற மாதிரி ஒவ்வொருத்தருக்கும் டிபன் பாக்ஸ் என்ன, அடுக்குச் சட்டியே வாங்கிக் கொடுக்கலாம்.”

“ரெண்டு மாசம் அவங்க வாசல்ல நிப்பாங்களா சார்?”

“அதான் இனி போக மாட்டேன்னு சொல்லிட்டாங்களே. பிரச்சினை தீர்ந்துதே.”

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னார். அன்று அவள் கண்ணாடி அறைக்குப் போய் விரல் வைக்கும்போது மணி பத்து நாற்பது.

வீட்டுக்கு வந்து நியமன ஆணையை எடுத்துப் படித்தாள். குடியிருப்பு, கார், டிரைவர் எல்லாம் எழுதியிருந்தது. கூடவே, எல்லா நிரந்தர ஊழியர்களுக்கும் இருப்பதுபோல வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. அதை நீக்க எல்லோரும் மறந்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இயக்குநருக்கு ஒரு வரியில் விடுப்புக் கடிதம் அனுப்பினாள். காரணம்: சொந்த வேலை.

பரணி படித்துவிட்டு, “வேலை போயிடும்ல?” என்றான்.

“போயிடும்.”

“சரி,” என்று ஷூ லேஸைக் கட்டினான். “சாயங்காலம் முறுகலா ரோஸ்ட் கிடைச்சாச் சரி.”

*

வரவே மாட்டேன் என்று அடம்பிடித்த செல்லக்கனியை, பணம் கட்டும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பொய் சொல்லி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி பத்தேகால். இரும்புக் கதவு, அதில் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி. பக்கத்தில் ஸ்டூலில் காவலாளி. கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் முப்பது, நாற்பது பேர் நின்றார்கள். கையில் பழப்பை, பிளாஸ்க். அவர்களும் உள்ளே போக முடியாதவர்கள்தான். ஒருவர் மட்டும், “அம்மா மனசு மாறுவாங்க, இன்னிக்கு மாறுவாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மதிவதனி செல்லக்கனியை மரத்துக்குப் பின்பக்கம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

“அக்கா, கையெழுத்தெல்லாம் இல்ல. உங்க வீட்டுக்காரர் அப்படி எழுதல.”

“என்ன சொல்லுத?”

“அதைப் போட்டது நான். ஒருநாள் பல்வலியில கண்ணை மூடிட்டுத் தட்டினேன். அதுதான் எல்லாருக்கும் போகுது. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் தினமும் விரல் வெச்சேன்.”

செல்லக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று மதிவதனி எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

“எம்புருசன் பேருல எளுதறதுக்கு நீ யாருட்டி?”

அவ்வளவுதான் கேட்டாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்க் கதவருகே நின்றுவிட்டாள்.

பத்தரைக்கு ஆதிமூலத்தின் அழைப்பு வந்தது. அது இருபத்தேழாவது.

“மேடம், எங்க இருக்கீங்க? வீட்டு வாசல்ல டிரைவர் நிக்கறான்!”

“லீவுல இருக்கேன் சார்.”

“உங்களுக்கு ஏது லீவு?”

“பன்னிரண்டு நாள் இருக்கு சார். நான் ஒண்ணுதான் எடுத்திருக்கேன்.”

“இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு! என்ன வேணும் உங்களுக்கு? பதவி உயர்வா? பெரிய வீடா? சொல்லுங்க, என்ன வேணும்?”

மதிவதனி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

பத்து நாற்பதுக்கு இடி இடிக்கவில்லை. கதவின் மேலிருந்த பச்சை விளக்கு அணைந்து வெள்ளையாக எரிந்தது, அவ்வளவுதான். ஒலிபெருக்கி கரகரத்தது. “பதிவு செய்யப்பட்ட விருப்பம் எதுவும் இல்லை” என்றது. காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். பதினைந்து விநாடி கழித்து அது மறுபடியும் பேசியது.

“நான்காம் வார்டு, பொன்னுலிங்கம். உங்களைப் பார்க்க செல்லக்கனி வந்திருக்கிறார். அனுமதிக்கலாமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்.”

மரத்தடியில் எல்லோரும் திரும்பினார்கள். ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கனி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஏட்டி...” என்று ஒரு பலவீனமான குரல் வந்தது. “பதினேழு நாளா எங்கட்டி போயித் தொலைஞ்ச? சாப்டியா?”

“பதில் புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லவும்.”

“உங்கிட்ட யாருலே பேசினா? நான் எம்பொண்டாட்டிகிட்டப் பேசுதேன்!”

“பதில் புரியவில்லை.”

காவலாளி கதவின் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் திறந்துவிட்டான். செல்லக்கனி உள்ளே ஓடினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பழப்பைகளும் பிளாஸ்க்குகளும் ஓடின. உள்ளேயிருந்து சிரிப்பும் அழுகையும் திட்டும் கலந்து கேட்க ஆரம்பித்தன. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு கட்டிடம் முழுக்கச் சத்தம்.

மதிவதனி போனைத் திறந்து பார்த்தாள். தற்காலிகப் பணிநீக்க ஆணை பத்து நாற்பத்திரண்டுக்கே வந்துவிட்டிருந்தது. அரசாங்கம் இவ்வளவு வேகமாக வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

தொண்டை வறண்டிருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒன்றும் வரவில்லை. தட்டிப் பார்த்தார். அப்புறமும் ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் முகத்தை நிமிர்த்தி, வரிசையில் முதலில் நின்ற மதிவதனியைப் பார்த்துக் கூச்சத்தோடு கேட்டார்:

“என்னம்மா வேணும்? டீயா, காபியா? ஸ்ட்ராங்கா, லைட்டா? சர்க்கரை எவ்வளவு?”

அவள் வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. பல் வலிக்காத நாளில் தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். கடைக்காரர் காத்திருந்தார். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

“நீங்களே பார்த்து ஏதாவது போடுங்கண்ணே,” என்றாள் கடைசியில்.

கடைக்காரர் பாலை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். அவளுக்கு அடுத்து நின்றவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“எனக்கும் அவங்களுக்குப் போட்டதே போட்டுடுங்க.”

அவருக்குப் பின்னால் வரிசை முழுக்கத் தலையாட்டியது.